தலைநகரில் ஒரு நாள்

ஆரணிக்கு அண்மையில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் படைவீடு என்னும் ஊர் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் அங்கிருந்து நாடாண்டனர். இன்று அங்கே அரசவை இல்லை. கோயில்களும் வயல்களும் வாழைத் தோட்டங்களுமே காணப்படுகின்றன. தலைநகரங்கள் தோன்றும், மறையும். ஆயினும், பன்முறை வீழ்ந்தும் மீண்டும் தலைநகராகவே எழுந்த ஊர் ஒன்று உண்டு. அதுவே தில்லி.

என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் ஆரணியில் பட்டு நெய்கிறார். தில்லியில் நடந்த கைத்தறிக் கண்காட்சிக்குச் சேலைகளைக் கொண்டு சென்றபோது, அவர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். விற்பனை முடிந்தபின் ஒரு நாள் எஞ்சியிருந்தது.

“ஐயா, என் மகன் தறியில் அமர மறுக்கிறான். சேலையைப் புகழ்வோர் உளர்; நெய்தவன் பெயரைக் கேட்பவர் எவருமில்லை. ஊர் சென்றதும் தறியை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார் அவர்.

“தம்பி, முதலில் ஊரைப் பார்ப்போம், பின்னர்ப் பேசுவோம்” என்றேன்.

காலையில் குதுப்மினாரைக் கண்டோம். அதன் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். குத்புதீன் ஐபக் தொடங்கிய அக்கோபுரத்தை இல்துத்மிஷ் மேலும் உயர்த்தினார். 1368-ஆம் ஆண்டு இடி விழுந்து மேலடுக்கு சிதைந்தது. பிரோஸ்ஷா துக்ளக் அதனைச் செப்பனிடச் செய்தார். அப்பணியைச் செய்த கைவினைஞர்கள் விசுவகர்மாவின் அருளைப் போற்றித் தம் பெயர்களை நாகரி எழுத்தில் அங்கே பொறித்துள்ளனர்.

அருகில் இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும், துரு அதனை அரித்துவிடவில்லை. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாக உதவியது என்று அறிஞர் விளக்குவர். தூணில் சந்திரன் என்னும் அரசனின் புகழ் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை உருவாக்கிய கொல்லர்களின் பெயர் இல்லை.

மாணாக்கர் நெடுநேரம் அத்தூணையே நோக்கி நின்றார். “என் சேலையும் இவ்வாறுதான், ஐயா” என்றார். நான் மறுமொழி கூறவில்லை.

அங்கிருந்து மெட்ரோ இரயிலில் புதுதில்லியை அடைந்தோம். 2002-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அவ்விரயில், பழைய நகரின் கீழும் புதிய நகரின் கீழும் ஊடை போலச் சென்று இரண்டினையும் இணைக்கிறது. கல்கத்தாவிலிருந்து தலைநகர் மாற்றப்படும் என 1911-இல் அறிவிக்கப்பட்டது. 1931-இல் புதுதில்லி தொடங்கி வைக்கப்பட்டது. வட்ட வடிவமான பழைய நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றி 144 தூண்கள் உள்ளன. நம் அரசியலமைப்பு அங்கேதான் 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் அருகிலேயே 2023-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம் உள்ளது.

இந்தியா கேட் என்னும் 42 மீட்டர் உயர வளைவில், போரில் மாண்ட வீரர் பதின்மூவாயிரவருக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. மாணாக்கர் அண்ணாந்து சில பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இவர்கள் அரசரல்லர், ஆயினும் பெயர் நிற்கிறது” என்று மெல்லக் கூறினார்.

பிற்பகலில் சாந்தினி சௌக் சென்றோம். கினாரி பசார் என்னும் குறுகிய தெருவில் சரிகையும் கரையும் விற்கும் கடைகள் நெருங்கியுள்ளன. மாணாக்கர் ஒரு சரிகையை விரலால் தடவி அதன் தரத்தைக் கூறினார். கடைக்காரர் வியந்து, அவருக்கு இருக்கை தந்து தேநீர் அளித்தார். மொழி தெரியாத ஊரில் அவருடைய விரல்களே அவர்தம் பெயரைச் சொல்லின!

இறுதியில் செங்கோட்டையை அடைந்தோம். ஷாஜகான் எழுப்பிய அக்கோட்டை 1648-இல் நிறைவெய்தியது. விடுதலை பெற்றபின், 1947 ஆகஸ்டு 16-ஆம் நாள் நேரு அங்கே கொடியேற்றினார். மன்னர் கட்டிய மதிலின்மேல் மக்களின் கொடி பறப்பதைக் கண்டு வணங்கினோம்.

ஊர் திரும்பும் வழியில் மாணாக்கர் கூறினார்: “ஐயா, இப்போதைக்குத் தறியை விற்கவில்லை. அடுத்த சேலையின் முந்தானை ஓரத்தில் என் பெயரையும் நெய்யப் போகிறேன். மகன் அதனைப் பார்க்கட்டும். பிறகு அவன் விருப்பம்.”

பெயர் மட்டும் பசியைப் போக்காது. உழைப்புக்கு உரிய கூலி கிடைத்தால்தான் தறி நிலைக்கும். அது வாங்குவோர் கையில் உள்ளது. மாணவர்களே! பழம்பெரும் நகரங்களைக் காணும்போது, கட்டுவித்தவர் யார் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். கட்டியவர் யார் என்றும் கேளுங்கள். அவ்வினாவை உங்கள் ஊரிலும், நீங்கள் உடுத்தும் ஆடையிலிருந்தே தொடங்குங்கள்.

வினாக்கள்
1. இரும்புத் தூணைக் கண்ட நெசவாளர் தம் சேலையை நினைத்தது ஏன்?
2. குதுப்மினாரைச் செப்பனிட்டவர்கள் அங்கே பொறித்துள்ளது யாது?
3. உங்கள் ஊர்க் கைவினைஞர் ஒருவரைக் கண்டு, அவர்தம் தொழிலைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.