பாரிசவாதம்: மூளைக்குள் இரத்தம் கசியும்போது



"நேத்து வரைக்கும் நல்லாத்தான் கொழுந்து எடுத்தாங்க, விடியக்காலையில கை கால் விழுந்துருச்சு" என்று லயங்களில் பேசக் கேட்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதையே "பாரிசவாதம் வந்திட்டுது" என்பார்கள். நோய் திடீரென்று வந்ததுபோல் இருக்கும். ஆனால் அதன் காரணம் பல வருஷமாக உடம்பிலேயே இருந்திருக்கும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இரண்டு வகை

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்ற வகை. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் ஒரு வருஷத்தில் சுமார் 1 கோடியே 20 இலட்சம் பேருக்குப் புதிதாகப் பாரிசவாதம் வந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரத்தக் கசிவு. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் இதுதான் பொல்லாதது. மூளைக்குள் கசிவு வந்த 100 பேரில் சுமார் 40 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்து போகிறார்கள். பிழைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மற்றவர் துணை வேண்டியிருக்கிறது.

காரணம் என்ன?

முதல் காரணம் பிரஷர், அதாவது உயர் குருதி அமுக்கம். தண்ணீர்ப் பைப்பில் எந்நேரமும் அமுக்கம் கூடியிருந்தால் நலிந்த இடத்தில் ஒருநாள் வெடிக்கும் அல்லவா? மூளையின் சிறு குழாய்களும் அப்படித்தான். பிரஷர் வலிக்காது, அளந்து பார்த்தால்தான் தெரியும். 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தால் வைத்தியம் வேண்டும்.

குடாநாட்டில் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய். நமக்குக் கருவாடும் சம்பலும். இரண்டு இடத்திலும் உப்புத்தான் கூடுதல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். சுருட்டு, பீடி, புகையிலை, சாராயம், கசிப்பு இவையும் ஆபத்தைக் கூட்டும்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12இல் மூளை இரத்தக் கசிவால் இறந்தார். அவருடைய பிரஷர் மிக அதிகம் என்பது டாக்டர்மாருக்குத் தெரியும். ஆனால் அதைக் குறைக்க நல்ல மாத்திரை அன்று இல்லை. அந்தப் பெரிய மனிதருக்குக் கிடைக்காத மருந்து இன்று அரசாங்க கிளினிக்கில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அதை நாமாக நிறுத்தி விடுவதுதான் பெரிய ஆபத்து.

வந்துவிட்டால்?

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல், திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, மயக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது.

நெடுந்தீவில் ஒருவர் விழுந்தால் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து வீதி வழியாக யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மேல் டிவிசனில் இருந்து ரோட்டுக்கு இறங்கும் நமக்கும் அதே தூரத்துக் கஷ்டம்தான். ஆகவே ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது. 1990 இலவச அம்புலன்ஸுக்கு அழையுங்கள். 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கென யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட இச்சேவை, இன்று நம் மலைநாட்டிலும் உண்டு.

செய்யக் கூடாதவை

டிஸ்பிரின், அஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது சி.ரி. ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதைக் கூட்டிவிடலாம். தேத்தண்ணியோ சோடாவோ வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம். மயக்கமானவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டியவர் யார் யார்? இந்த மாதமே தோட்ட மருந்தகத்திலோ கிளினிக்கிலோ அவர்களுடைய பிரஷரை அளந்து, எழுதி வையுங்கள். பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் மாத்திரையை மறக்க வேண்டாம்.