தட்டாமாலை சுற்றாமலே சுற்றும் தலை

எட்டாம் வகுப்பில் ஒலி பாடம். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பீரியட். கரும்பலகையில் செவியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே இடது காது பஞ்சு வைத்தது போல் அடைத்திருந்தது. உள்ளே தூரத்தில் மிக்ஸி ஓடுவதுபோல ஓர் இரைச்சல். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். செவிப்பறைக்கு அம்புக்குறி போடும்போது அந்த இரைச்சல் திடீரென்று கூடியது. அடுத்த நொடி கரும்பலகை, சன்னல், பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்றன. கீழே உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் மற்றவர்களிடம் சொல்லி வந்தேன். உண்மையில் விழுந்தேன்.

அதன்பின் நடந்தவற்றை நம் பள்ளிகளில் பணியாற்றும் எவரும் ஊகிக்கலாம். ஒரு மாணவன் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தான். இன்னொருத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். ஓடிவந்த சக ஆசிரியர்கள் அன்போடு என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்திய உடனே வாந்தி எடுத்தேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அலுவலக அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தலையை ஓர் அங்குலம் அசைத்தாலும் அறை மறுபடி சுற்றியது. ஆனால் நினைவு ஒரு நொடிகூடத் தப்பவில்லை. வெளியே, "மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு?" என்று பிள்ளைகள் கேட்டது முதல், "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று சத்துணவுக்கூட அக்கா சொன்னது வரை எல்லாம் கேட்டது, வலது காதில் மட்டும்.

பித்தம், ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம், திருஷ்டி. அடுத்த ஐந்து மாதங்களில் எனக்குக் கிடைத்த விளக்கங்கள் இவை. எலுமிச்சைச் சாறு குடித்தேன், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தேன், கழுத்துப் பட்டையும் அணிந்தேன். இதற்குள் இன்னும் நான்கு முறை தலைசுற்றல் வந்தது. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி என் நிலைமையை மாற்றியது: "கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, இல்லை, உலகமே சுற்றுகிறதா?"

நாம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. மயக்கம், கிறக்கம், கிறுகிறுப்பு, தலைசுற்றல் எல்லாம் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. மருத்துவருக்கோ அவை வெவ்வேறு. கண் இருட்டி, வியர்த்து, நினைவு மங்குவது பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்றுக் குறைவதால் வருவது. நிற்கும் பொருள்கள் சுற்றுவதாகத் தெரிவது பெரும்பாலும் உட்செவியில் தொடங்குவது. அதனால் மருத்துவரிடம் "மயக்கம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது. என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது காது எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி.

உட்செவி எப்படி வேலை செய்கிறது என்பதை வகுப்பிலேயே காட்டலாம். தட்டாமாலை சுற்றாத பிள்ளை உண்டா? சுற்றி நின்றதும் மைதானம் சுற்றுகிறதே, ஏன் என்று கேளுங்கள். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டு, அது தணிந்ததும் டம்ளரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். டம்ளர் திரும்பும், தூள் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும். தொடர்ந்து சுற்றினால் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். டம்ளரைச் சட்டென்று நிறுத்தினால் தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உட்செவியில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களிலும் இப்படித்தான் திரவம் இருக்கிறது. அதன் அசைவை நுண்ணிய மயிரிழைச் செல்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடல் நின்ற பிறகும் திரவம் நிற்காததால் காது, "சுற்றுகிறாய்" என்கிறது. கால், "நிற்கிறாய்" என்கிறது. மூளை காது சொல்வதை நம்பிக் கண்களை நகர்த்துகிறது. உலகம் சுற்றுகிறது. ஐம்புலன் என்று கற்பிக்கிறோம். சமநிலையையும் ஒரு புலனாகச் சேர்த்துக் கற்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நோயில் தட்டாமாலை சுற்றாமலே இது நடக்கிறது. படுக்கையில் புரளும்போதும், கரும்பலகையின் மேல்வரியை எழுத அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால், உட்செவியின் கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்திருக்கலாம். மிகப் பரவலான வகை இதுதான், எளிதில் சரியாவதும் இதுதான். பயிற்சி பெற்ற மருத்துவர் எப்லி முறையில் தலையைச் சில நிலைகளில் திருப்பி அந்தத் துகள்களை வெளியேற்றிவிடுவார். பலருக்கு ஒன்றிரண்டு அமர்வு போதும். இதில் காது இரைச்சல் இருக்காது.

எனக்கு வந்தது மற்றொன்று. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீளும் சுற்றல், ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், கூடிக் குறையும் செவித்திறன் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். கேட்டல் பரிசோதனையில், குறிப்பாகத் தாழ்ந்த சுருதி ஒலிகளில் ஏற்படும் இழப்பைப் பார்த்து உறுதிசெய்வார்கள். உட்செவித் திரவத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறுவது இதோடு தொடர்புடையது. அது ஏன் கூடுகிறது என்பதற்கு அறிவியல் இன்னும் முடிவான விடை தரவில்லை.

பெயருக்குரிய ப்ராஸ்பர் மெனியர், பாரிஸில் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கான நிறுவனத்தின் மருத்துவர். திடீர்த் தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்று கருதி, அட்டை விட்டும் நரம்பைக் கீறியும் ரத்தத்தை வெளியேற்றிய காலம் அது. 1861 ஜனவரியில் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன், இது காதிலிருந்து வரக்கூடியது என்று அவர் எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். காது கேளாத குழந்தைகளோடு அன்றாடம் இருந்ததால்தான் மற்றவர்கள் மூளையைப் பார்த்த இடத்தில் அவர் காதைப் பார்த்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நோய் உறுதியானபோது, வேலை போய்விடுமோ என்பதே என் முதல் அச்சம். அப்போது படித்ததுதான் ஆலன் ஷெப்பர்டின் கதை. 1961 மே 5 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் அவர். சில ஆண்டுகளில் தலைசுற்றலும் காது இரைச்சலும் வந்து, மெனியர் என்று தெரிந்து, பறக்கத் தடை விதிக்கப்பட்டது. விண்வெளி வீரர்களின் அலுவலகத்தை நிர்வகித்தபடி காத்திருந்தார். காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1969-இல் மீண்டும் அனுமதி பெற்று, 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இன் தளபதியாக நிலவில் நடந்தார். அந்த அறுவை சிகிச்சையின் பயன் குறித்து மருத்துவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. பெரும்பாலோருக்கு அறுவையே தேவைப்படுவதும் இல்லை. ஆனாலும் பென்னாகரம் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்பு நடத்த எனக்கு அந்தக் கதை போதுமானதாக இருந்தது.

மருந்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். பீட்டாஹிஸ்டின் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. 2016-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தாக்குதல்கள் ஒரே அளவில்தான் குறைந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். தாக்குதலின்போது வாந்தியையும் சுற்றலையும் அடக்கத் தரும் மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடரக்கூடாது. அவை, சமநிலையை மறுபடி கற்றுக்கொள்ளும் மூளையின் முயற்சியைத் தாமதப்படுத்தும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது உதவும் என்பதற்கான சான்று வலுவானதல்ல, ஆனால் கெடுதலும் இல்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்லும் அளவு. ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டேன். கருவாட்டை விட மனம் வரவில்லை. மாதம் ஒரு முறை என்று ஆக்கிக்கொண்டேன்.

மருந்தைவிட எனக்கு அதிகம் உதவியது, பள்ளியில் வாய் திறந்து சொன்னதுதான். முதல் ஐந்து மாதம் மறைத்தேன். எந்த நேரம் வருமோ என்ற பயத்தில் நாற்காலியை விட்டு எழாமல் பாடம் நடத்தினேன். உடல் நடுங்கும், அதையே தாக்குதலின் தொடக்கம் என்று நினைத்து மேலும் நடுங்குவேன். பிறகு ஒரு நாள் தலைமை ஆசிரியரிடமும், உடன் பணியாற்றுபவர்களிடமும், அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் டீத்தூள் டம்ளரை வைத்தே விளக்கினேன். அன்றே சேர்ந்து ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். எனக்குச் சுற்றினால் நான் உடனே தரையில் உட்காருவேன், அல்லது படுப்பேன். யாரும் தூக்கி நிறுத்தக்கூடாது. கையில் சாவி வேண்டாம், வாயில் சோடா வேண்டாம். ஒரு வாளியும் துணியும் போதும். அசையாத ஒரு புள்ளியை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அந்த நேரம் கேள்வி கேட்கக்கூடாது. வகுப்புத் தலைவி பக்கத்து அறை ஆசிரியரை அழைப்பாள், மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். தணிந்த பிறகும் அன்று நான் வண்டி ஓட்டமாட்டேன்.

வண்டியைப் பற்றி ஒரு சொல். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்தில் திடீர்த் தலைசுற்றல் உண்டா என்ற கேள்வியும் உண்டு. நாம் படிக்காமலே 'இல்லை' போட்டுவிடுகிறோம். தொப்பூர் கணவாயிலோ ஒகேனக்கல் சாலையின் வளைவுகளிலோ முன்னறிவிப்பின்றி உலகம் சுற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நான் பேருந்தில்தான் வந்தேன். முதல் பீரியடுக்குச் சில நாள் பிந்தியது. தலைமை ஆசிரியர் கால அட்டவணையில் அதை இரண்டாம் பீரியடாக மாற்றிக் கொடுத்தார்.

எல்லாச் சுற்றலும் காதில் தொடங்குவதில்லை. வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், இரட்டைப் பார்வை, இதுவரை வராத கடும் தலைவலி, எழுந்து நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிகிச்சை தள்ளிப்போகப் போக, கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்புக் குறையும்.

பிள்ளைகளிடமும் இதைக் கவனிக்கவேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சரிந்து விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறும் ரத்தசோகையும்தான் காரணம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், ஆறாம் வகுப்பு முதல் சாப்பிட்டாயா என்று நாம்தான் கேட்கவேண்டும். நாற்றத்தோடு காதில் சீழ் வடியும் பிள்ளை தலை சுற்றுகிறது என்றால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நோய் காதின் எலும்பை அரித்து உள்ளே இறங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். காய்ச்சிய எண்ணெய், கோழியிறகு எதுவும் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி, பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புங்கள்.

இரைச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. சுற்றல் நின்றும் அது மட்டும் தங்கிவிட்டது. அமைதியில்தான் அது பெரிதாகக் கேட்கும். அதனால் இரவில் மின்விசிறியின் சத்தத்தோடு தூங்குகிறேன், விடைத்தாள் திருத்தும்போது மெல்லிய பாட்டு வைத்துக்கொள்கிறேன். அதை எதிர்த்துக் கவனித்தால் வளரும், வேறு வேலையில் மூழ்கினால் பின்னுக்குப் போகும். தூக்கமும் மனமும் கெடும் அளவுக்கு வந்தால் டெலிமானஸ் 14416-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. வகுப்பில் இடப்பக்கம் உட்காரும் பிள்ளைகள் பேசுவது எனக்குச் சரியாக எட்டாது. அவர்களுக்கு அது தெரியும். கேள்வி கேட்க நினைப்பவர்கள் எழுந்து என் வலப்பக்கம் வந்து நிற்கிறார்கள். போன வாரம் ஒருத்தி அப்படி வந்து நின்று, "மிஸ், கண்ணு தெரியாதவங்க தட்டாமாலை சுத்துனா அவங்களுக்கும் சுத்துமா?" என்று கேட்டாள். பதிலை நாளை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கண்ணை மூடிச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்போம் என்று சொன்னேன். நான் மட்டும் நாற்காலியில்.