டோக்கியோவில் ஜாமீன்காரர் இல்லாமல் வாடகை வீடு

சென்னையில் வீடு தேடினால் "எத்தனை பேர், சைவமா, பேச்சிலரா?" என்று கேட்பார்கள். டோக்கியோவில் முதல் கேள்வியே "உங்களுக்கு ஜாமீன் போட ஜப்பானில் ஆள் இருக்கிறதா?" என்பதுதான். 'ரென்தாய் ஹோஷோனின்' என்று அங்கே சொல்லும் இந்த ஜாமீன் சாதாரணமானது அல்ல. வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் குடியிருப்பவரை விட்டுவிட்டு நேரே ஜாமீன்காரர் வீட்டுக் கதவைத் தட்டலாம். "முதலில் அவரைக் கேளுங்கள்" என்று சொல்லக்கூட அவருக்கு வழியில்லை. சொந்த அண்ணன் தம்பியே யோசிக்கும் விஷயம் இது. நேற்று விமானம் இறங்கியவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? நல்லவேளை, யாரும் போட வேண்டிய அவசியமும் இல்லை.

1. முதலில், ஆள் தேடி அலைவதை நிறுத்துங்கள். அலுவலக மேனேஜரையோ, ஒரே ஒருமுறை கோயிலில் பார்த்த தமிழ்க் குடும்பத்தையோ கேட்டுச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தப்படி, தனிநபர் ஜாமீன் போட்டால் அதிகபட்சம் எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் ஜாமீன் செல்லாது. பல லட்சம் யென் என்று எண்ணில் பார்த்ததும் யாருக்கும் பேனா நகராது. ஏற்கெனவே கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர்கள் இதற்குப் பிறகு இன்னும் வேகமாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

2. வேலைக்காக வருகிறவர்கள், ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே "வீட்டைக் கம்பெனி பெயரில் எடுத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். கம்பெனி ஒப்பந்தம் என்றால் ஜாமீன் பேச்சு பெரும்பாலும் எழாது. ஒரு சங்கடம் உண்டு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். ஓராண்டுக்குள் வேலை மாறும் எண்ணம் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

3. என்னைக் கேட்டால், குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் 'யூஆர்'. அரசுசார் வீட்டு நிறுவனம். ஜாமீன்காரர் வேண்டாம், ஜாமீன் நிறுவனமும் வேண்டாம். புரோக்கர் கமிஷன் இல்லை, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ரெய்கின் எனும் நன்றிப்பணம் இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டினால் போதும். நீண்டகால விசாவும் குடியிருப்பு அட்டையும் உள்ள வெளிநாட்டவர் விண்ணப்பிக்கலாம்.

அவர்கள் பார்ப்பது உங்கள் வருமானத்தை. குடும்பத்துக்கான விதி இப்படி: வாடகை 82,500 யெனுக்குக் கீழே என்றால் மாத வருமானம் வாடகையைப்போல் 4 மடங்கு இருக்க வேண்டும். அதற்கு மேல், 2 லட்சம் யெனுக்குள் என்றால் மாதம் 3,30,000 யென். தனி ஆளுக்கு வரம்பு குறைவு. வருமானம் எட்டவில்லையா? வாடகையைப்போல் 100 மடங்கு சேமிப்பைக் காட்டலாம். அல்லது ஓராண்டோ அதற்கு மேலோ வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிடலாம்.

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் இத்தனை பேர் குடியேறியதில் இந்த யூஆர் குடியிருப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்திறங்கிய இன்ஜினியர்களுக்கு, தோஸாய் ரயிலில் ஏறினால் ஒதேமாச்சி அலுவலகங்களுக்கு நேரே போய்விடலாம் என்பது வசதி. ஜாமீன் கேட்காத வீடு அதைவிடப் பெரிய வசதி. அங்கே தேயிலை வியாபாரம் செய்துவந்த ஜக்மோகன் சந்திரானி அந்த நாட்களில் அவர்களுக்கு வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வழி காட்டியவர்.

யூஆரில் குறையும் உண்டு. பல கட்டடங்கள் பழையவை. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். நல்ல வீடு காலியானால் முதலில் கை நீட்டியவருக்குத்தான். இணையதளத்தைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

4. தனியார் வீடு என்றால் 'ஹோஷோ கைஷா' எனும் ஜாமீன் நிறுவனம். முதல் தடவை அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை கட்டணம். பிறகு ஆண்டுக்குப் பத்தாயிரம் யென் அளவில். எந்த நிறுவனம் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, வீட்டுக்காரர் தரப்பு. ஒன்று மறுத்தால் "வேறு நிறுவனத்தில் முயலலாமா?" என்று புரோக்கரிடம் கேளுங்கள். ஜிடிஎன் போல வெளிநாட்டவருக்கென்றே நடக்கும் நிறுவனங்களும் உண்டு.

பணம் கட்டிவிட்டோம், இனி வாடகை தவறினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இது உங்களுக்கான இன்ஷூரன்ஸ் அல்ல. அவர்கள் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வருவார்கள். பாக்கி வைத்த விவரத்தைச் சில நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன; அடுத்த வீடு தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

5. ஜாமீன் நிறுவனம் இருந்தாலும் 'அவசரத் தொடர்பு' என்று ஜப்பானில் உள்ள ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். இதற்குத் தாராளமாக நண்பரைக் கேட்கலாம். பணப் பொறுப்பு எதுவும் அவருக்கு இல்லை. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சரிபார்க்க அழைக்கும்போது தெரியாத எண் என்று அவர் எடுக்காமல் விட்டால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

6. மாணவர்கள் பல்கலைக்கழக சர்வதேச மாணவர் பிரிவில் விசாரியுங்கள். வெளிநாட்டு மாணவர் வீட்டுக் காப்பீட்டில் சேர்ந்தால் பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு.

7. முகவரி இல்லாமல் வங்கிக் கணக்குக் கிடைக்காது. கணக்கும் ஜப்பான் தொலைபேசி எண்ணும் இல்லாமல் வீடு கிடைப்பது கஷ்டம். இந்தச் சுழலை உடைக்க, முதல் ஓரிரு மாதங்களுக்கு ஜாமீன் கேட்காத ஷேர் ஹவுஸ் அல்லது மாதக் கணக்கில் வாடகைக்கு விடும் 'மான்ஷன்' (அங்கே அடுக்குமாடி வீட்டுக்கு இதுதான் பெயர்) எடுங்கள். சதுர அடிக் கணக்கில் விலை அதிகம்தான்; பொறுத்துக்கொள்ளலாம். அந்த முகவரியை வார்டு அலுவலகத்தில் பதிவு செய்ய அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரி பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

8. நம் பெயர் விஷயம் தனி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி, சிலருக்கு இனிஷியல் விரிந்து ஒரு முழ நீளம். ஜப்பானில் வங்கிக் கணக்கு கதகானா எழுத்தில் இருக்கும். சுப்ரமணியனை வங்கியில் ஒரு விதமாகவும் வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு விதமாகவும் எழுதினால் தானியங்கி வாடகைப் பிடித்தம் திரும்பி வந்துவிடும். முதல் நாளே ஒரு கதகானா எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: குடியிருப்பு அட்டை, பாஸ்போர்ட், வேலைச் சான்று, வருமானச் சான்று, வங்கி இருப்புச் சான்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு வருமானச் சான்று இராது. சம்பளம் குறிப்பிட்ட நியமனக் கடிதத்தைக் காட்டலாம்.

10. பணக் கணக்கை ஒரு உதாரணத்தில் பாருங்கள். வாடகை 80,000 யென் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 80,000. முன்பணமான ஷிகிகின் ஒரு மாதம் 80,000. ரெய்கின் ஒரு மாதம் 80,000. இது வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுப்பது, சம்பந்தி வீட்டுக்கு வைத்த சீர் மாதிரி, திரும்பி வராது. புரோக்கர் கமிஷன் வரியோடு 88,000. ஜாமீன் நிறுவனம் 40,000. தீ காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு இரண்டும் சேர்ந்து சுமார் 40,000. மொத்தம் 4,08,000. அதாவது ஐந்து மாத வாடகைக்கு மேல், சாவி வாங்கும் முன்பே! இதே வாடகைக்கு யூஆரில் முன்பணமும் முதல் மாத வாடகையும் பொதுச் செலவும் சேர்ந்து 2,40,000 சொச்சத்தில் முடிந்துவிடும்.

கமிஷனுக்கு ஒரு மாத வாடகையும் வரியும் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. கட்டாயத் தொகை அல்ல. அரை மாதத்துக்குச் செய்யும் கடைகளும் உண்டு. ரெய்கினைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் கேட்டுப் பயனில்லை. ஏப்ரலில் பள்ளியும் அலுவலக ஆண்டும் தொடங்குவதால் ஊரே வீடு மாறும் காலம் அது.

11. விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்றால் 800 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது விளம்பர விதி. சிக்னலில் நிற்கும் நேரமும் மேடேறும் நேரமும் சேராது. அறை அளவு 'ஜோ' கணக்கில் இருக்கும். ஒரு ஜோ என்பது ஒரு தத்தாமி பாய், குறைந்தது 1.62 சதுர மீட்டர். கட்டடம் 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்றதா என்று பாருங்கள். நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதி அப்போதுதான் வந்தது.

12. மறுப்பை முகத்துக்கு நேரே கேட்கத் தயாராக இருங்கள். புரோக்கர் உங்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். போனுக்கே தலை குனிந்து வணங்கி, "குடியேறப் போகிறவர் வெளிநாட்டவர்..." என்று குரலை இறக்குவார். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தாரென்றால் அந்த வீடு போய்விட்டது. ஜப்பான் நீதி அமைச்சகத்துக்காக 2016-இல் எடுத்த கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவமானமாகத்தான் இருக்கும். அங்கே வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிட, கடைக்குள் நுழைந்ததும் "வெளிநாட்டவருக்குத் தரும் வீடுகளை மட்டும் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுவது மேல். வெளிநாட்டவரை மறுப்பதில்லை என்று பதிவு செய்த வீடுகளின் பட்டியலும் 2017 முதல் அரசிடம் இருக்கிறது.

13. கையெழுத்துக்கு முன் உரிமம் பெற்ற ஒருவர் தன் அடையாள அட்டையைக் காட்டி, முக்கிய விவரங்களை வாசித்து விளக்க வேண்டும். வீடியோ அழைப்பிலும் செய்வார்கள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றை மட்டும் துருவிக் கேளுங்கள்: புதுப்பிக்க முடியாத நிலைத்தவணை ஒப்பந்தமா, ஓராண்டுக்குள் காலி செய்தால் அபராதமா, காலி செய்யும்போது சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு?

14. சாவி வாங்கி உள்ளே போனால் விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, பல வீடுகளில் கேஸ் அடுப்பும் இருக்காது. குழாய் எரிவாயுவுக்கும் சிலிண்டர் எரிவாயுவுக்கும் அடுப்பு வேறு வேறு. எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இணைப்பைத் திறக்க ஊழியர் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் 100 வோல்ட். ஊரிலிருந்து சுமந்து வந்த மிக்ஸி முனகும், சட்னி அரையாது.

15. நம் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை. காலி செய்யும்போது எதற்கு யார் பணம் தருவது என்று ஜப்பானிய அரசின் வழிகாட்டி நெறி ஒன்று இருக்கிறது. நாள்பட்ட தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு. 2020 முதல் அது சிவில் சட்டத்திலேயே வந்துவிட்டது. வெயிலில் வெளுத்த சுவர்க் காகிதம், சோபா அழுந்திய தடம், ஃப்ரிட்ஜ் பின்னால் கறுத்த சுவர் எதற்கும் நீங்கள் கொடுக்க வேண்டாம். சமையலறையில் துடைக்காமல் விட்டு ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் உங்கள் தலையில்தான். வடை, பூரி போடும் வீட்டில் அடுப்பைச் சுற்றி ஒட்டுவதற்கென்று நூறு யென் கடையில் அலுமினியத் தாள் தடுப்பு கிடைக்கும். முதல் நாளே ஒட்டிவிடுங்கள். புகைபோக்கி வலையில் வடிகட்டித் தாளும் போடுங்கள்.

சாமி படம் மாட்ட ஆணி அடிக்காதீர்கள். குண்டூசி ஓட்டை தேய்மானக் கணக்கில் போகும். கனத்த படத்துக்காக அடித்த ஆணி ஓட்டை உங்கள் செலவு. கற்பூரமும் சாம்பிராணியும் கூரைப் புகையுணர்வியை அலற வைக்கலாம். ஜன்னல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர்க் காகிதத்தின் மதிப்பு 6 ஆண்டில் 1 யென் ஆகிவிடும் என்பது அதே நெறியின் கணக்கு. ஏழாம் ஆண்டில் யாராவது முழு விலை கேட்டால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

16. குடியேறும் நாளில், சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு கீறலையும் தேதியோடு படம் எடுத்து ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

17. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்கள்தான் குடியிருக்கலாம். ஊரிலிருந்து மனைவியோ குழந்தையோ வருவதாக இருந்தால் முன்பே தெரிவித்துப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நண்பனுக்கு ஒரு அறையை உள்வாடகைக்கு விடுவது ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகும்.

18. டோக்கியோவில் பொதுவாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம்; புதுப்பிக்க ஒரு மாத வாடகை கேட்பார்கள். காலி செய்வதானால் பெரும்பாலும் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். நாட்டை விட்டே கிளம்புகிறீர்கள் என்றால், ஷிகிகின் மீதி எப்போது, எந்தக் கணக்குக்கு வரும் என்று ஏஜென்சியிடம் எழுதி வாங்கிவிட்டுப் பிறகு வங்கிக் கணக்கை மூடுங்கள். இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் வரும்.