மெய்யென்னும் போர்வை

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுங்கால் மெய்யையே முதலில் வைத்தனர் முன்னோர். ஏனைய நான்கும் முகத்தளவில் நின்றுவிட, மெய்யோ உச்சி முதல் உள்ளங்கால்வரை பரந்துள்ளது. வளர்ந்த மனிதரின் தோல் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையது.

தோலின் புற அடுக்கு மேல்தோல் எனப்படும். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் இலேசாகச் சிராய்த்தால் குருதி கசிவதில்லை. இதன் அடிப்பகுதியில் புதிய உயிரணுக்கள் இடையறாது தோன்றி மேல்நோக்கி நகர்கின்றன; சில வாரங்களில் உயிரற்ற செதில்களாகி உதிர்கின்றன. நிறத்தைத் தரும் கருநிறமி உண்டாவதும் இவ்வடிப்பகுதியிலேயே. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களினின்று உடலைக் காக்கும் குடை அது. வெண்ணிற மேனியர்க்கும் கருநிற மேனியர்க்கும் நிறமியை ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆக்கும் அளவிலும் வகையிலுந்தான் வேறுபாடு. நிறங்கண்டு உயர்வு தாழ்வு பேசுவோர் இதனை அறிந்திலர் போலும்!

மேல்தோலின் கீழே உள்தோல் அமைந்துள்ளது. இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், எண்ணெய்ச் சுரப்பிகள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை இங்கு உள்ளன. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே இருபது இலட்சத்திற்குக் குறையா. வியர்வை ஆவியாகும்பொழுது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானையில் ஊற்றிய நீர் கோடையில் குளிர்வதும் இம்முறையிலேயே. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதனாலேயே அங்குப் புழுக்கம் மிகுதி.

மயிரும் நகமும் தோலின் கிளைகளே. கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவை. வேரில் மட்டுமே உயிருண்டு. ஆகவே வெட்டினால் வலிப்பதில்லை. தலைமயிர் திங்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரும், கைந்நகம் மூன்று மில்லிமீட்டரும் வளரும்.

இத்தனை பணிகளுள்ளும் தொட்டுணர்தலே தலையாயது எனலாம். சூடான கலத்தில் விரல் பட்டவுடன் கை தானே பின்வாங்குகிறது. அவ்வுணர்ச்சி அற்றுப்போயின் என்னாகும்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் டாக்டர் பால் பிராண்டு. 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த இவ்வாங்கிலேயர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டு நோயாளரின் அன்றாடச் செயல்களைக் கூர்ந்து நோக்கினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பர்; காலில் முள் தைத்தும் நடப்பர்; உறங்குகையில் எலி விரலைக் கடித்தும் விழித்திலர். நோய் அழித்தது நரம்பையே. விரலைத் தேய்த்தவை உணரப்படாத இக்காயங்களும் அவற்றில் நேர்ந்த புண்களுமே. இவ்வுண்மை புலப்பட்டபின், காயம் நேராமற் காக்கும் வழிகளை நோயாளர்க்குக் கற்பித்தார்; நல்ல தசைநாண்களை இடமாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகிறது. வெளிறிய தேமல் தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருப்பின், உடனே மருத்துவரைக் காணல் வேண்டும். அதற்குரிய மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகிறது.