நாம் படித்த கல்லூரி: பெயரெச்சமும் ஆங்கில வாக்கியமும்

"நாம் படித்த கல்லூரி" என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதுக என்று வகுப்பிற் கேட்டால், பத்துக் கொப்பிகளில் ஏழெட்டிலாவது 'த கொலிஜ் விச் வீ ஸ்ரடிட்' என்ற விடையே காணப்படும். (ஆங்கிலச் சொற்களை ஈண்டுத் தமிழெழுத்திலேயே தருகின்றோம்.) எழுதிய மாணவன் பிழையொன்றுஞ் செய்ததாக எண்ணமாட்டான். ஆயின் ஆங்கிலேயன் ஒருவன் இதனைப் படித்தால், இவர்கள் கல்லூரியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு கற்றவர்கள் போலும் என்று கருதுவான். ஈற்றில் 'அற்' என்ற ஒரு சிறு சொல் விடுபட்டமையால் விளைந்த கேடு இது. பழைய மாணவர் கூட்டங்களிலும் இவ்வாக்கியத்தை நாம் கேட்டதுண்டு. அங்குக் கூடுவோருட் சிலர் கல்லூரியின் மதில், மாமரம், பின்படலை ஆகிய யாவற்றையும் நுணுகி ஆராய்ந்தவரே ஆதலின், அவர் வாயில் அது முழுப்பிழை என்று சொல்லுதற்கில்லை.

இப்பிழை அறியாமையாற் பிறப்பதன்று. தமிழை நன்கு அறிந்தமையாற் பிறப்பது. தமிழில் இத்தகைய தொடர்களைப் பெயரெச்சத்தால் ஆக்குகின்றோம். பெயரெச்சங் கொண்டு முடியும் பெயர்களைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் ஆறாக வகுத்தனர்: செயலைச் செய்தவன், செயப்பட்ட பொருள், செய்த இடம், செய்த காலம், செய்தற்குக் கொண்ட கருவி, அச்செயல் தானே. நமது ஊர்த் தோட்டத்திலிருந்தே உதாரணங் காட்டலாம். கொத்திய ஆள், கொத்திய தோட்டம், கொத்திய மண்வெட்டி, கொத்திய நாள் என்பவற்றில் 'கொத்திய' என்ற சொல் சிறிதும் மாறவில்லை. ஆள் கொத்தினான், தோட்டம் கொத்தப்பட்டது, மண்வெட்டியாற் கொத்தினான், அந்நாளிற் கொத்தினான் என்னும் வேறுபாடெல்லாம் கேட்போன் மனத்தில் தாமே விளங்குகின்றன. வேற்றுமை உருபு மறைந்து நிற்கின்றது. மறைந்ததை நாம் உணர்வதுமில்லை.

ஆங்கிலம் அவ்வாறு மறைக்க விடாது. மண்வெட்டியைச் சொல்லும்போது 'வித்' என்பதையும் கல்லூரியைச் சொல்லும்போது 'அற்' என்பதையும் எங்கேனும் ஓரிடத்தில் வைத்தே தீரவேண்டும். (மண்வெட்டி என்ற சொல்லே இலங்கை ஆங்கிலத்தில் 'மமொற்றி' என்று புகுந்து நெடுங்காலமாயிற்று. சொல்லைக் கொடுத்த நாம் 'வித்' என்பதை வாங்கிக்கொள்ள மறந்தோம்.)

செயப்படுபொருளைத் தலைமைப் பெயராகக் கொண்ட தொடர்களில் உள்ள இடர் வேறு வகையினது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் மீது அந்தாதி பாடினார். இச்செய்தியைக் கொண்டு இரு தொடர்கள் ஆக்கலாம். 'பிள்ளையாரைப் பாடிய புலவர்' என்பது ஒன்று. 'புலவர் பாடிய பிள்ளையார்' என்பது மற்றையது. இரண்டிலும் 'பாடிய' என்பதே வருகின்றது. பாடினார் யார், பாடப்பட்டார் யார் என்பதை முதற்றொடரில் உள்ள 'ஐ' உருபும், இரண்டாந் தொடரில் அவ்வுருபு இல்லாமையுமே காட்டுகின்றன. அவ்வுருபும் தொக்கு நின்றால் மயக்கம் உண்டாகும் என்பதைப் பழைய இலக்கணகாரர் அறிந்திருந்தனர். உரையாசிரியர் காட்டும் 'புலி கொன்ற யானை' என்ற உதாரணம் அதுவே. கொன்றது புலியா, யானையா? இதனைத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயரிட்டு ஆராய்ந்தனர்.

ஆங்கிலத்தில் பெயர்களுக்கு 'ஐ' உருபு போன்றதொன்று இல்லை. சொற்களின் வரிசையே அங்கு உருபின் தொழிலைச் செய்கின்றது. 'த பொயற் ஹூ பிறெய்ஸ்ட் த கோட்' என்றால் பாடிய புலவர். 'த கோட் ஹூம் த பொயற் பிறெய்ஸ்ட்' என்றால் பாடப்பட்ட கடவுள். முதலதில் 'ஹூ' என்பதன்பின் உடனே வினை வருகின்றது. இரண்டாவதில் 'ஹூம்' என்பதன்பின் மற்றொரு பெயர் வந்து, அதன் பின்னரே வினை வருகின்றது. வினைக்குப்பின் செயப்படுபொருள் நிற்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கின்றது. இவ்வெற்றிடத்தை மாணவன் காணுமாறு செய்வதே ஆசிரியரின் பெரும்பணி.

இவ்விடரிலே தமிழ் மாணவன் தனித்தவனல்லன். துருக்கி மாணவனுக்கும் பெயரெச்சம் போன்ற வினைச்சொல்லே உண்டு. அதுவும் பெயருக்கு முன்னரே நிற்கும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளில் ஆங்கிலத்திலுள்ளது போன்ற இணைப்புப் பெயர் இன்றிப் பெயரெச்சமே வழங்குதலைக் குறித்து, துருக்கி முதலியவற்றை அடக்கித் தாம் சித்திய மொழிகள் என்று அழைத்த கூட்டத்தோடு தமிழை உறவுபடுத்தற்கு அதனையும் ஒரு காரணமாகக் காட்டினார். அவ்வுறவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. எனினும் அமைப்பொற்றுமை மெய்யே. ஒரு வேறுபாடு மட்டும் ஆசிரியர் கவனித்தற்குரியது. துருக்கியில் செய்தவனைத் தலைமைப் பெயராக்கும்போது 'என்' போன்றதொரு விகுதியும், செயப்பட்டதைத் தலைமைப் பெயராக்கும்போது 'திக்' போன்ற வேறொரு விகுதியும் வினையோடு சேரும். 'நான் கண்ட' என்பதிலுள்ள 'நான்' என்ற பொருளும் அவ்வினையின் ஈற்றில் விகுதியாக ஒட்டிவிடும். ஆகவே இரு தொடர்களும் வேறென்று துருக்கி மாணவனை அவன் தாய்மொழியே எச்சரிக்கின்றது. நம் மாணவனுக்கு 'பாடிய' என்ற சொல் அவ்வெச்சரிக்கையைத் தருவதில்லை.

கொப்பியில் இரண்டாவதாகக் காணப்படும் பிழை, வெற்றிடத்தை நிரப்பிவிடுவது. 'நான் வாங்கிய புத்தகம்' என்பதை 'த புக் தற் ஐ போட் இற்' என்று எழுதுவர். முழுவாக்கியத்தில் வினைக்குப்பின் ஒரு பெயர் வருதல் வேண்டும் என்று நாமே முன்னர்க் கற்பித்தோம். பிள்ளை அதனைப் பழுதின்றிக் கடைப்பிடிக்கின்றான். 'எந்தப் புத்தகத்தை வாங்கினேனோ அதை' என்ற தமிழ் நடையும் அதற்குத் துணைநிற்கலாம்.

மூன்றாவது, கொப்பியிற் காணப்படாத பிழை. அதுவே எமக்குப் பெருங்கவலை தருவது. சில மாணவர் இத்தொடர்களில் ஒருபோதும் பிழைவிடுவதில்லை; ஏனெனில் இவற்றை எழுதுவதேயில்லை. 'நான் ஒரு குடை வாங்கினேன். அது சங்கானையில் வாங்கினேன். அது நல்ல குடை' என்று துண்டு துண்டாக எழுதி முழுப்புள்ளியும் பெற்றுவிடுவர். ஜாக்குலின் சக்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1974இல் இதனை எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்தவருள் சீன, யப்பானிய மாணவர் பாரசீக, அரபு மாணவரிலும் குறைவாகவே பிழைவிட்டனர்; ஆயின் அவர்கள் இத்தொடர்களைக் கையாண்டதும் மிகக் குறைவு. சீனமும் யப்பானும் தமிழைப் போல அடைமொழித் தொடரைப் பெயருக்கு முன்வைக்கும் மொழிகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனவே சிவப்பு மையின் அளவைக்கொண்டு மாணவனின் அறிவை அளக்கும் வழக்கம் இவ்விடயத்தில் நம்மை ஏமாற்றும். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே ஏமாந்தோம்.

எழுதாது தப்பியவன் வாசிக்கும்போது தப்பமுடியாது. ஆங்கிலேயர் இணைப்புச் சொல்லை முற்றாக விட்டுவிட்டு 'த மான் த டொக்டர் சோ' என்று எழுதுவர். வைத்தியர் கண்ட மனிதன் என்பது பொருள். நம் மாணவன் வைத்தியரைக் கண்ட மனிதன் என்று கொள்வான்; கிரகித்தல் வினாவுக்கு நேர்மாறாக விடையெழுதுவான். பரீட்சையில் ஒரு புள்ளியோடு போவது, பின்னாளில் உத்தியோகக் கடிதத்தையோ உறுதியையோ வாசிக்கும்போது அவ்வளவோடு போகாது. இரு பெயர்கள் இடையில் ஒன்றுமின்றி அடுத்தடுத்து வந்து, பின் வினை வந்தால், இரண்டாம் பெயரே செய்தவன் என்று ஐயுறுக என நாம் மாணவரைப் பழக்குகின்றோம். இவ்விதி எல்லாவிடத்துஞ் செல்லாது; தொடக்கத்திற்குப் போதும்.

கற்பிக்கும் முறையில், இரு வாக்கியங்களைக் கொடுத்து 'விச்' என்பதால் இணைக்குக என்னும் பயிற்சி மட்டும் போதாது என்பது எம் துணிபு. மாணவன் அதனைக் கணக்குப் போலச் செய்துவிட்டு மறந்துபோகின்றான். தமிழ்த் தொடரிலிருந்தே தொடங்குதல் நன்று. 'அம்மா சமைத்த கறி' என்பதைக் கரும்பலகையில் எழுதுக. ஈற்றில் நிற்கும் 'கறி'யை வெண்கட்டியால் வட்டமிட்டு முன்னே கொண்டுவருக. அடுத்துச் செய்தவரை எழுதுக, அதன்பின் வினை. வினைக்குப்பின் ஒரு வெறும் பெட்டி வரைந்து, கறியிருந்த இடம் இது, கறி முன்னே போய்விட்டது, இனி ஒன்றையும் இங்கு இடலாகாது என்று சொல்லுக. பெட்டியைப் பார்த்த பிள்ளை 'இற்' என்பதை எழுதத் தயங்குவான். 'ஹூ' வா 'ஹூம்' ஆ என்பதில் நாட்களைச் செலவிடவேண்டியதில்லை; 'தற்' பெரும்பாலும் போதும்.

அதன்பின் 'கறி சமைத்த சட்டி', 'கறி சமைத்த அடுப்பு' என்பவற்றை எடுத்து, 'சட்டியிலா, சட்டியாலா?' என்று தமிழிலேயே கேட்டு, மறைந்த உருபை வெளிப்படுத்திப் பெட்டிக்கு முன் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை இடச்செய்க. கீனன், கொம்றி என்னும் இருவர் 1977இல் உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு, செய்தவனைத் தலைமைப் பெயராக்குதல் எளிது, செயப்படுபொருள் அதற்கடுத்தது, இடமுங் கருவியும் அதற்கும் அப்பால் என்று படிமுறை காட்டினர். நம் பாட ஒழுங்கும் அதனோடு பொருந்துகின்றது.

இறுதிப் பயிற்சியாக, 'நாம் படித்த கல்லூரி', 'நாம் நட்ட மரம்', 'நாம் இருந்து படித்த வாங்கு' என்ற மூன்றையும் மாணவர் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதட்டும். மரத்துக்குச் சிறு சொல் எதுவும் வேண்டாம், மற்றையிரண்டுக்கும் வேண்டும். ஏன் என்று அவர்களே தமிழிற் சொல்லும்வரை தாளைத் திருத்திக் கொடுப்பதில்லை.