குடோனுக்குள்ளே என்ன இருக்கிறது?

கேள்வி: ஐயா, பூந்தமல்லியை அடுத்த ஒரு மனைப்பிரிவில் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். தெருக்கோடியில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு குடோனை யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் லாரிகள் வருகின்றன. நீல டிரம்களும் வெள்ளைக் கேன்களும் இறங்குகின்றன. சில நாள் பெயின்ட் கடைக்குள் நுழைந்தது போல வாடை அடிக்கிறது. என் மாமியாருக்கு மூச்சிரைப்பு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். மேனேஜரைக் கேட்டால், "சாதாரண பெயின்ட் சாமான்தாம்மா, லைசென்ஸ் எல்லாம் இருக்கு. நீங்க வீடு கட்டுறதுக்கு முன்னாடியே குடோன் இருக்கு" என்கிறார். கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம், பதில் இல்லை. நலச்சங்கத்திலேயே சிலர், "பெரிசு பண்ணினால் மனை விலை விழுந்துவிடும்" என்று தடுக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
வாசகி, பூந்தமல்லி

பதில்: அம்மா, வாடையும் லாரியும் மூச்சிரைப்பும் உங்களுக்குத் தெரிகின்றன. டிரம்மில் இருப்பது என்ன என்பது மட்டும் தெரியவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். "குடோனை மூடுங்கள்" என்று மனு எழுதினால், "உரிய அனுமதியுடன் இயங்குகிறது" என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். "உள்ளே என்ன பொருள், எத்தனை லிட்டர், எந்த அனுமதி எண்" என்று கேட்டால் அப்படி முடிக்க முடியாது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதற்கு அடுத்த நாட்களில்தான், நம் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அதே பொருள் சுமார் 700 டன் கிடக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு அது. ஐந்து வருடம் 37 பெட்டகங்களில் இருந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு எதுவும் இல்லை என்று சுங்கத்துறை அறிக்கை விட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தபோது சுமார் 700 மீட்டரில் மணலி புதுநகரும், சற்றுத் தள்ளிச் சடையங்குப்பமும் இருந்தன. இரண்டிலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பேர். விஷயம் வெளியே வந்த சில நாட்களிலேயே பெட்டகங்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. ஐந்து வருடம் நகராத சரக்கை ஒரு வாரத்தில் நகர்த்தியது, உள்ளே என்ன இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே தூரத்தை அதிகாரிகள் அளக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். குடோன் சுவரிலிருந்து முதல் வீடு, அங்கன்வாடி, பள்ளி, மருத்துவமனை எத்தனை மீட்டர் என்று நீங்களே அளந்து ஒரு வரைபடம் போட்டு மனுவோடு வையுங்கள்.

இனி சட்டம். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1989-இல், அபாயகரமான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதிக்கு விதிகள் வந்தன. அவற்றில் நல்ல விதி ஒன்று உண்டு: பெரும் விபத்து நேரக்கூடிய இடத்தை நடத்துபவர், அந்த ஆபத்து எத்தகையது, நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைச் சுற்றியுள்ள மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் தனியாக இருக்கும் கிடங்கு என்றால், பொருள்வாரியாக ஓர் அளவைத் தொட்டால்தான் இந்தக் கடமை வரும். அம்மோனியாவுக்கு 60 டன், குளோரினுக்கு 10 டன். நம் பக்கத்துச் சிறு குடோன்கள் இந்த அளவை எட்டுவதே இல்லை. ஒன்றில் கொஞ்சம் கரைப்பான், கொஞ்சம் அமிலம், கொஞ்சம் பிளீச்சிங் சரக்கு என்று கலந்து கிடக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அளவுக்குள். சேர்ந்து எரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்த பிறகு நசரத்பேட்டை, நெமிலிச்சேரி பக்கமெல்லாம் கிடங்குகள் பெருகியிருக்கின்றன. ஓட்டையை அடைக்காமல் கிடங்குகளை மட்டும் பெருக்கிக்கொண்டே போவது சரியில்லை.

ஆனால் உங்களுக்கு வேறொரு சட்டம் கைகொடுக்கலாம். நீங்கள் சொல்லும் பெயின்ட் வாடை தின்னரோ டொலுவீனோ போன்ற கரைப்பானாக இருக்க வாய்ப்பு அதிகம். டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். சென்னை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து, வாசலைத் தாண்டி, எங்கேயோ எரிகிற அடுப்பில் பற்றி, வந்த வழியே திரும்பி ஓடக்கூடியது. 23 டிகிரிக்குக் கீழ் இப்படிப் பற்றும் திரவங்களைப் பெட்ரோலியச் சட்டம் 'ஏ' வகுப்பு என்கிறது. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள அது விடுவது 30 லிட்டர்தான், அதுவும் விற்பனைக்கு இல்லை என்றால். ஒரு டிரம்மே 200 லிட்டர் பிடிக்கும். ஆக, அங்கே ஒரே ஒரு டிரம் டொலுவீன் இருந்தாலும் 'பெசோ' எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. மேனேஜர் சொல்லும் 'லைசென்ஸ்' எது என்று கேளுங்கள். உள்ளாட்சியில் வாங்கும் தொழில் உரிமம் இதற்கு ஈடாகாது.

பொருள் என்ன என்பதை லாரியே சொல்லக்கூடும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி, மோட்டார் வாகன விதிப்படி, சாய்சதுர அடையாளத்தோடு நான்கு இலக்க யூ.என். எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் கொண்ட பலகையை வெளியே காட்ட வேண்டும். 1294 என்றால் டொலுவீன், 1230 மெத்தனால், 1263 பெயின்ட் வகை, 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1005 அம்மோனியா. பொதுச்சாலையில் நின்று தேதி, நேரம், வண்டி எண், பலகை எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள். பலகையே இல்லாமல் டிரம் இறங்கினால் அதையும் எழுதுங்கள். குடோனுக்குள் நுழையவோ டிரைவரோடு வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். அவர் கூலிக்கு ஓட்டுபவர். மாமியாரை மருத்துவரிடம் காட்டும்போது, எந்த இரவு வாடை வந்தது, எப்போது இரைப்பு கூடியது என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் தனித்தனி மனுக்கள்: பெசோ, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உங்கள் உள்ளாட்சி, சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். "இந்தக் கிடங்கு பாதுகாப்பானதா" என்று கேட்காதீர்கள். கருத்துச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. உரிமத்தின் நகல், அனுமதித்த பொருள் பட்டியல், கடைசியாக ஆய்வு செய்த அறிக்கையின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வியாபார ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் தர வேண்டும் என அதே சட்டம் சொல்வதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். சி.எம்.டி.ஏ.விடம் அந்தச் சர்வே எண்ணுக்கு முழுமைத் திட்டத்தில் என்ன நிலப்பயன்பாடு என்பதையும் கேளுங்கள். குடியிருப்பு மண்டலம் என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. அபாயகரமான தொழில்களுக்கென்று அந்தத் திட்டத்திலேயே தனி மண்டலம் இருக்கிறது.

"குடோன் முதலில் வந்தது" என்பதை முழுக்கத் தள்ளிவிட நான் தயாரில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதைச் சுற்றிப் பல தெருக்கள் அதற்குப் பிறகு முளைத்தவை. அங்கே பிழையைத் தொழிற்சாலை மேல் மட்டும் போட முடியாது; பக்கத்திலேயே மனை போட அனுமதித்தவர்களும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கதை வேறு. கட்டடம் பழையது, சரக்கு புதியது. அரிசி மூட்டைக்கு வாங்கிய அனுமதி கரைப்பானுக்குச் செல்லாது.

மனை விலை விழும் என்று அஞ்சுபவர்களிடம் தியான்ஜினைச் சொல்லுங்கள். 2015 ஆகஸ்ட் 12 இரவு அந்தச் சீனத் துறைமுக நகரில் ஒரு ரசாயனக் கிடங்கு வெடித்து 165 பேர் இறந்தார்கள், 8 பேர் கிடைக்கவே இல்லை. ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி இருந்தும், அடுக்குமாடிகள் சுமார் 600 மீட்டரில் நின்றன. பிழைத்தவர்கள் தங்கள் வீடுகளை அரசே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தெருவில் நின்று கேட்டார்கள்.

ஆவணங்கள் கைக்கு வந்தபின் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நலச்சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். கூடவே கோட்டாட்சியரிடமும் கொடுங்கள். பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடு தரும் விதத்தில் சரக்கு வைத்திருந்தால் அகற்றும்படி நிபந்தனை உத்தரவு போட அவருக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், அதாவது பி.என்.எஸ்.எஸ்.ஸின், 152-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. கவுன்சிலருக்கு அது இல்லை. அதற்கும் அசையவில்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே ஒரு கெடு இருக்கிறது: பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். கவுன்சிலர் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

மனுவில் "ஊருக்கு வெளியே எங்காவது மாற்றுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். வெளியே என்பது இன்னொரு கிராமம். அந்தக் குடோனுக்குள் டிரம் உருட்டுகிறவர்கள் அங்கேயே படுத்துத் தூங்குகிறவர்களாகவும் இருக்கலாம். தீ வந்தால் முதலில் சாகப்போவது அவர்கள். காற்றோட்டம், தனித்தனி அடுக்கு, இரவில் ஆள் தங்கத் தடை ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும் வேறுவேறல்ல.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். இந்த வாரமே செய்ய ஒன்று இருக்கிறது. பூந்தமல்லி தீயணைப்பு நிலையத்துக்குச் சங்கத்திலிருந்து நாலு பேர் போய், குறித்து வைத்த எண்களையும் வரைபடத்தையும் நிலைய அதிகாரியிடம் கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். 2020 பிப்ரவரி 29 அன்று மாதவரத்தில் ஒரு ரசாயனக் குடோன் எரிந்தபோது நூற்றுக்கணக்கான வீரர்கள் மணிக்கணக்கில் போராடினார்கள். 2022 ஜூனில் வங்கதேசத்தின் சீதாகுண்டாவில் ஒரு பெட்டகக் கிடங்கில் தீயணைக்கப் போன வீரர்கள் பலர், ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பது தெரியாமல் உள்ளே போய் வெடிப்பில் மாண்டார்கள். உங்கள் தெருவுக்கு வண்டி வரவேண்டி வந்தால், தண்ணீரா நுரையா எதை அடிப்பது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த தாளுக்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.