பழைய எம்.ஜி.பி. கார் வாங்க நினைப்போர் கவனத்திற்கு

நம் சங்க அன்பர்கள் சிலரின் பிள்ளைகள் இங்கிலாந்தில் பணியில் இருக்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களில் ஓரிருவருக்கு, மேல்கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வந்துவிடுகிறது. "மாமா, நீங்கள் ரயில்வே பட்டறையில் இருந்தவர், எஞ்சினை எப்படிச் சோதிப்பது?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். எஞ்சினைக் கடைசியில் பார்க்கலாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இவர்கள் கண்ணில் பெரும்பாலும் படுவது எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் உள்ள ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரானது. கூரை மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். ஆகவே வண்டியும் கிடைக்கும், உதிரி பாகமும் கிடைக்கும். (இதை அங்கே 'விண்டேஜ்' என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கில் விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை வந்த வண்டி, மற்றது 'கிளாசிக்'. நம் நாட்டில் 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டி விண்டேஜ்.)

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, பக்கத் தகடுகள் எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு, அந்தக் கூடே பாரத்தைச் சுமக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெயரில் உள்ள 'இன்டக்ரல்' என்ற சொல்லுக்கும் இதுவே பொருள். அந்தப் பெட்டிகளில் துரு எங்கே பிடிக்கும் என்று பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கழிவறையை ஒட்டிய தரைத்தகடும், ஓரத்தில் ஓடும் சோல்பாரும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும்.

எம்.ஜி.பி.யில் சோல்பாரின் வேலையைச் செய்வது, கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடும் பெட்டி வடிவப் பகுதி. 'சில்' என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. குளிர்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீரையும் சேற்றையும் முன்சக்கரம் வாரி அடிக்க, அது சில்லின் முனையில் தங்கி உள்ளிருந்து அரிக்கிறது. கூரையில்லாத வண்டிக்கு மேலே தாங்க ஒன்றும் இல்லை. சில் போனால் வண்டி நடுவில் தொய்கிறது. மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காக்கவும் வலுவிருக்காது. ஏர்பேக் இல்லாத காலத்து வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் கதவு இடுக்கைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். பிறகு, சொந்தக்காரர் அனுமதியோடு, பக்கவாட்டு ஜாக்கி முனையில் வண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடுக்கு மேல்பக்கம் குறுகினாலோ, கதவு பிடித்தாலோ மேற்கொண்டு பேச வேண்டாம். சில்லின் மேல் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள்; ஒட்டாத இடத்தில் பட்டி வைத்திருக்கிறார்கள். பழைய சில்லின் மேலேயே புதிய தகட்டைப் போர்த்தி வெல்டு செய்யும் தந்திரமும் உண்டு. அதற்குக் காந்தம் பயன்படாது. கீழே படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின்பக்க வில்லின் முன்முனை உடலோடு சேரும் இடம், இருக்கைக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டிகள் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

சில் மாற்றுவது சாதாரண டிங்கரிங் வேலை அல்ல. உடலைச் சமமாகத் தாங்கிப் பிடித்து, கதவு இடுக்கை அளந்துகொண்டே வெல்டு செய்ய வேண்டும். இல்லையென்றால் தொய்ந்த நிலையிலேயே வண்டி கெட்டிப்பட்டுவிடும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து தருகிறது. ஆனால் அதை வாங்கி, வண்டியைப் பிரித்து, மாற்றிப் பூட்டும் செலவில் நல்ல வண்டியே வாங்கிவிடலாம்.

"சர்க்கார் சோதனை இருக்குமே?" என்று கேட்பீர்கள். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனை 2018 மே முதல் அங்கே கட்டாயமில்லை. கட்டாயமில்லையே தவிர, விரும்பினால் செய்துகொள்ளலாம். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில். வண்டியின் பழைய சோதனை முடிவுகளைப் பதிவு எண் கொண்டு அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 'துரு' என்று எந்த ஆண்டில் எழுதியிருக்கிறார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

இனி எஞ்சின். 1798 சி.சி. கொண்ட இது பி-சீரிஸ் வகை. நம் அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. எஞ்சினுக்கு அண்ணன். கொஞ்சம் எண்ணெய் சொட்டுவது குலவழக்கம், பயப்பட வேண்டாம். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நன்றாகச் சூடான பின், ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50க்குக் குறையக் கூடாது. நீலப்புகை வந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். விலையில் குறைத்துக் கொள்ளலாம், சரிசெய்யவும் முடியும்.

1967 வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை; வண்டி நின்ற பிறகே போட வேண்டும், அது பழுதல்ல. அதே காலம் வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் இக்கால ரேடியோவை மாட்டினால் புகைந்துவிடும். லூகாஸ் மின்சாதனங்களை 'இருளின் இளவரசர்' என்று அங்கே கேலி செய்வார்கள். ஆனால் விளக்கு எரியாததற்குப் பெரும்பாலும் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்பே. கம்பிச் சக்கரம் என்றால், பின்னோக்கி எடுத்துப் பிரேக் போடும்போது 'டொக்' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். சக்கரத்தின் உள்பற்கள் தேய்ந்திருக்கலாம். முன்சக்கரக் கிங்பின்னுக்கு ஏறக்குறைய 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். யார் அடித்தார்கள், ரசீது இருக்கிறதா?

டயரில் பட்டை மிச்சமிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வயதைத் தாண்டியிருந்தால் ஐந்தையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிக்கு 5 சதவீதத்துக்கு மிகாத 'சூப்பர்' வகையையே போடச் சொல்லுங்கள்.